கழுத்து, முதுகுவலிக்கு வி.ஏ. மறுத்துவிட்டால்

வெளிநாட்டவரை மொழித் திறமைக்காகவும் சேர்த்துக்கொண்ட அமெரிக்க ராணுவத்தின் மாவ்னி திட்டத்தில், தேவைப்படும் மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது. கிரீன் கார்டு இல்லாமலே நானும் அப்படித்தான் சேர்ந்தேன். எனக்குக் கிடைத்தது லாரி ஓட்டும் வேலை. தலையில் ஹெல்மெட், அதன் முன்னால் தொங்கும் இரவுப்பார்வைக் கருவி, உடம்பில் கவச உடை, அடியில் குலுங்கும் சீட். என்னோடு சேர்ந்த தமிழ்ப் பையன்களைக் கூப்பிட்டால் இப்போது பேச்சு முதலில் இடுப்புக்கும் அடுத்தது கழுத்துக்கும்தான் போகிறது. முன்னாள் ராணுவத்தினருக்கான அரசுத் துறையான வி.ஏ. ஊன உதவித்தொகையை மறுத்துவிட்டது, அல்லது ஊன அளவை 10 சதவீதத்தோடு நிறுத்திவிட்டது என்று அவர்கள் சொல்லும்போது நான் வலியைப் பற்றிக் கேட்பதில்லை. "கடிதத்தை அனுப்பு" என்பேன். வி.ஏ. எந்தக் காரணத்துக்காக மறுத்ததோ, அதற்கு மட்டும் பதில் சொல்வதுதான் அப்பீல்.

மறுப்புக்குப் பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும். இப்போது நோய் இருப்பதாக ஆதாரம் இல்லை. சர்வீஸில் அடிபட்டதற்கோ சிகிச்சை எடுத்ததற்கோ பதிவு இல்லை. இரண்டும் இருந்தாலும் ஒன்றுக்கு மற்றது காரணம் என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. கடிதத்தில் 'உங்களுக்குச் சாதகமான முடிவுகள்' என்று ஒரு பகுதியும் இருக்கும். பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதில் "கழுத்தில் டிஸ்க் தேய்மானம் உள்ளது" என்று ஒப்புக்கொண்டிருந்தால், தெளிவான தவறு என்று நிரூபணமானால் ஒழிய, பிறகு பார்க்கும் அதிகாரியும் அதற்குக் கட்டுப்பட்டவர். அதை மறுபடி நிரூபிக்க எம்.ஆர்.ஐ.க்கு அலைய வேண்டியதில்லை.

கையோடு 20-10206 படிவத்தில் உங்கள் முழுக் கோப்பையும் கேட்டுவிடுங்கள். வி.ஏ. சார்பில் உங்களைப் பரிசோதித்தவர் என்ன எழுதினார் என்பது அதில்தான் தெரியும். கடிதத்தில் அதன் சுருக்கம் மட்டுமே இருக்கும்.

2019 பிப்ரவரி 19 முதல் அப்பீலுக்கு மூன்று வழிகள். புதிய, சம்பந்தமுள்ள ஆதாரம் கையில் இருந்தால் படிவம் 20-0995, அதாவது சப்ளிமென்டல் கிளெய்ம். இருந்த ஆதாரத்தையே தப்பாகப் பார்த்துவிட்டார்கள் என்றால் 20-0996. வேறொரு மூத்த அதிகாரி பார்ப்பார், ஆனால் புதுக் காகிதம் ஒன்றும் சேர்க்க முடியாது. மூன்றாவது படிவம் 10182, வாஷிங்டனில் உள்ள அப்பீல் போர்டின் நீதிபதிக்குப் போவது. அங்கே நேரில் விசாரணை கேட்டால் காத்திருப்பு மிக நீளம். மற்ற இரண்டையும் முயன்று பாராமல் அங்கே ஓடாதீர்கள் என்பது என் கருத்து. எந்த வழியானாலும் கடிதத் தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட்டால்தான் பழைய விண்ணப்பத் தேதி நிற்கும். ஜெயித்தால் நிலுவைத் தொகை அந்தத் தேதியிலிருந்து வரும். வருடம் தாண்டினாலும் சப்ளிமென்டல் போடலாம், ஆனால் அந்தப் பழைய நிலுவை போய்விடும்.

சதவீதம் குறைவு என்பதுதான் சண்டை என்றால் டிகிரிக் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். முதுகெலும்புக்கு வி.ஏ. பெரும்பாலும் வலியை அளப்பதில்லை, எவ்வளவு குனிய முடிகிறது என்பதை அளக்கிறது. கழுத்தை முன்னால் குனிய இயல்பான அளவு 45 டிகிரி. 30ஐத் தாண்டி 40க்குள் நின்றால் 10 சதவீதம், 15ஐத் தாண்டி 30க்குள் என்றால் 20, 15 அல்லது அதற்கும் கீழே என்றால் 30. இடுப்புக்கு இயல்பான அளவு 90. 60ஐத் தாண்டி 85க்குள் 10 சதவீதம், 30ஐத் தாண்டி 60க்குள் 20, 30 அல்லது கீழே 40. அதாவது இடுப்பில் 35 டிகிரிக்கும் 30 டிகிரிக்கும் நடுவே 20 சதவீதம் கிடக்கிறது.

அதனால்தான் சி அண்ட் பி, அதாவது வி.ஏ. ஏற்பாடு செய்யும் மருத்துவப் பரிசோதனை இவ்வளவு முக்கியம். நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. டாக்டர் "எப்படி இருக்கிறீர்கள்?" என்றால் "பரவாயில்லை சார்" என்போம். "முடிந்த மட்டும் குனியுங்கள்" என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு தரையைத் தொட்டுக் காட்டுவோம். வேண்டாம். வலி எந்த இடத்தில் தொடங்குகிறதோ, அங்கே வாய்விட்டுச் சொல்லுங்கள். நடிக்கவும் வேண்டாம். ஷூ கழற்றக் குனிந்ததையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். கோனியோமீட்டர் என்ற கோணமானியால் அளக்க வேண்டும் என்பது விதி. அதை வெளியே எடுக்கவே இல்லை என்றால் வீட்டுக்கு வந்ததும் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

நல்ல நாளில் பரிசோதனை அமைந்துவிட்டால்? இங்கேதான் இரண்டு தீர்ப்புகள் கை கொடுக்கும். 2016இல் வந்த கொரேயா தீர்ப்பின்படி தானாக அசைத்தும் பிறர் அசைத்தும், எடை தாங்கியும் தாங்காமலும் அளக்க வேண்டும். 2017இல் வந்த ஷார்ப் தீர்ப்பின்படி "இன்று வலி அதிகமாக இல்லை, அதனால் சொல்ல முடியாது" என்று பரிசோதகர் தட்டிக்கழிக்கக் கூடாது. வலி முற்றும் நாட்களில் எவ்வளவு குனிய முடியும் என்று, நீங்கள் சொல்வதையும் கோப்பையும் வைத்து அவர் மதிப்பிட வேண்டும். எனக்கு வந்த ஓர் அறிக்கையில் வலி முற்றும் நாட்களைப் பற்றிய கேள்விக்கு ஒரு வரிகூட இல்லை. இப்படிப்பட்ட ஓட்டைக்கு 20-0996 பொருத்தமான வழி. தொலைபேசியில் பேச அதிகாரி கூப்பிடும்போது பக்க எண்ணைச் சொல்லி, "இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை" என்று மட்டும் சொல்லுங்கள். கதை வேண்டாம்.

கழுத்திலிருந்து கைக்கு, இடுப்பிலிருந்து காலுக்கு மரமரப்போ சுரீர் என்ற வலியோ இறங்கினால் அது தனி நோய், தனி சதவீதம். காலுக்கான சையாட்டிக் நரம்பு லேசாகப் பாதித்திருந்தால் ஒவ்வொரு காலுக்கும் 10, நடுத்தரம் என்றால் 20. இதைக் கேட்காமல் விட்டவர்கள் நிறையப் பேர். கூட்டும்போது மட்டும் பள்ளிக்கூடக் கணக்கு போடாதீர்கள். 30, 20, 10 சேர்ந்தால் 60 ஆகாது. முதலில் 30 போக மீதி 70, அதில் 20 சதவீதம் 14, ஆக 44. மீதி 56இல் 10 சதவீதம் சேர்த்தால் ஐம்பதைத் தொடும். 50 சதவீதம்தான் கிடைக்கும்.

காரணத் தொடர்புதான் மறுப்பு என்றால் மருத்துவரின் கடிதம் வேண்டும். "இருக்கலாம்" என்று எழுதினால் பயனில்லை. சர்வீஸ் காரணமாக இருக்க குறைந்தது பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்று அவர் எழுத வேண்டும், ஏன் என்றும் எழுத வேண்டும், கோப்பைப் படித்ததாகவும் குறிப்பிட வேண்டும். வி.ஏ. பக்கத்து மருத்துவர்களுக்குப் பிடித்த வரி "வயதானால் டிஸ்க் தேயும்" என்பது. முப்பத்து நான்கு வயதுக்காரனின் ஸ்கேன் படத்தில் அந்தத் தேய்மானம் ஏன் என்று உங்கள் மருத்துவர் நேரடியாகப் பதில் சொல்லட்டும். படத்தில் ஒன்றுமே தெரியவில்லையா? உடலின் செயல்பாட்டைக் குறைக்கும் வலியே ஊனமாக எண்ணப்படலாம் என்று 2018 சாண்டர்ஸ் தீர்ப்பு சொல்கிறது.

கூட இருந்தவர்களின் சாட்சிக்குப் படிவம் 21-10210. மனைவி, தோழன், யாரும் எழுதலாம். "மிகவும் கஷ்டப்படுகிறார்" என்று எழுத விடாதீர்கள். என் அம்மா வீடியோவில் பார்த்துவிட்டு, "ஏண்டா, கழுத்தைத் திருப்பாம உடம்போட திரும்பறே?" என்று கேட்டார். அவர் பார்த்ததை, பார்த்தபடியே ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். இதுபோல் கண்ணால் கண்டது, எந்த ஆண்டிலிருந்து, எந்த வேலையில் என்று இருந்தால் போதும்.

காசு விஷயம். டி.ஏ.வி., வி.எஃப்.டபிள்யூ., அமெரிக்கன் லீஜன் போன்ற முன்னாள் ராணுவத்தினர் சங்கங்களின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் இலவசமாகச் செய்வார்கள். வக்கீல் என்றால் முதல் முடிவு வந்த பிறகுதான் கட்டணம் கேட்கலாம். நிலுவைத் தொகையில் 20 சதவீதம் வரை நியாயம் என்று வி.ஏ. எடுத்துக்கொள்ளும். எதிர்காலப் பணத்தில் பல மாதப் பங்கு கேட்டு ஃபேஸ்புக்கில் வருகிறவர்களிடம் வி.ஏ. அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். வி.ஏ. இணையதளத்திலேயே பெயரைத் தேடிப் பார்க்கலாம். போர்டும் மறுத்துவிட்டால் வாஷிங்டனில் இதற்கென்று தனி நீதிமன்றம் இருக்கிறது. அங்கே போக 120 நாள் அவகாசம், அந்தக் கட்டத்தில் மட்டும் வக்கீல் இல்லாமல் போகாதீர்கள்.