சிதறால் மலைக்குப் போகிறவர்களுக்கு

கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்திலிருந்து சுமார் 7 கிலோமீட்டர்தான், கேரள எல்லையும் பக்கம், அதனால் திருவனந்தபுரம் வரை வருகிறவர்கள் சிதறால் மலைக்கோவிலுக்கு அரை நாள் ஒதுக்கிவிடுங்கள். காலையிலேயே ஏறுங்கள், வெயில் ஏறினால் பாறை சுடும், கையில் தண்ணீர் கட்டாயம். இப்போது பகவதி கோவில் என்றாலும் 9-ஆம் நூற்றாண்டில் இது சமணத் துறவிகளின் இடம். நிறைய பேர் சன்னிதியில் கும்பிட்டுவிட்டு உடனே இறங்கிவிடுகிறார்கள், அப்படிச் செய்யாதீர்கள்! பாறை முகத்தில் வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர்களையும் (சமணர்கள் வணங்கும் ஞானிகள்), அவர்களில் ஒருவரான, படம் விரித்த பாம்பின் கீழ் நிற்கும் பார்சுவநாதரையும், சிங்கத்தோடு இருக்கும் சமணப் பெண் தெய்வம் அம்பிகாவையும் நின்று நிதானமாகப் பாருங்கள், அதற்காகவே ஏறலாம். தயவுசெய்து சிற்பங்களைத் தொட வேண்டாம். அப்புறம், மேலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலை அருமையாகத் தெரியும். நேரமிருந்தால் பள்ளத்தாக்கின் மேலே தண்ணீர் கொண்டுபோகும் மாத்தூர் தொட்டிப்பாலத்தையும் பார்த்துவிடலாம், பக்கம்தான்.