யோலோ பைபாஸ் ஈரநிலத்தில் வாத்து பார்க்கவும் வேட்டையாடவும் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோவிலிருந்து டேவிஸ் நோக்கி 80ஆம் எண் நெடுஞ்சாலையில் செல்பவர்கள், ஊர் தாண்டியதும் ஒரு நீண்ட தாழ்வான பாலத்தைக் கடப்பார்கள். கோடையில் அதன் கீழே நெல் வயல்கள் தெரியும். நல்ல மழை பெய்த ஆண்டுகளில் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளக்காடாக இருக்கும். அதுதான் யோலோ பைபாஸ். சாக்ரமெண்டோ ஆற்றின் வெள்ளம் நகருக்குள் புகாமல் திருப்பிவிடுவதற்காக, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திட்டமிட்டுக் கட்டப்பட்ட வெள்ளப் போக்கி. அதற்குள் மீட்டெடுக்கப்பட்ட சதுப்புநிலங்களை 1997ஆம் ஆண்டில் அன்றைய அதிபர் பில் கிளிண்டன் முறைப்படி அர்ப்பணித்தார். இன்று சுமார் 16,000 ஏக்கர் பரப்புள்ள இந்த வனவிலங்குப் பகுதி மாநில மீன், வனவிலங்குத் துறையின் பொறுப்பில் இருக்கிறது. ஒரே நிலத்தில் நெல் விளைகிறது, மாடு மேய்கிறது, பள்ளிப் பிள்ளைகள் பறவை பார்க்கிறார்கள், துப்பாக்கிக்காரர்கள் வாத்து சுடுகிறார்கள். இதைப் பூங்கா என்று நினைத்து வருபவரும், தன் சொந்த வேட்டைக்காடு என்று நினைத்து வருபவரும் ஒரே மாதிரித்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.

பெரிய தவறு, வானத்தை மட்டும் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்புவது. டேவிஸில் வெயில் அடிக்கும் நாளிலும் பைபாஸ் நிரம்பக்கூடும். ஏனெனில் வடக்கே மலைகளில் சில நாள்களுக்கு முன் பெய்த மழைதான் ஆற்றில் இறங்கி, ஃப்ரீமாண்ட் தடுப்பணையின் தலைக்கு மேல் வழிந்து இங்கே வந்து சேர்கிறது. அப்படி வெள்ளம் புகுந்தால் வனவிலங்குப் பகுதியே மூடப்படும். வேட்டைக்கான முன்பதிவு கையில் இருந்தாலும் பயனில்லை. நீர் வடிந்த பிறகும் கரைச் சாலைகள் உளையாகக் கிடக்கும். புறப்படுவதற்கு முந்தைய மாலையே துறையின் அறிவிப்பைப் பார்த்துவிடுவது நல்லது. குளிர்காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் கவியும் டூலி மூடுபனியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்; எதிரே வரும் வண்டியின் விளக்கே கடைசி நொடியில்தான் தெரியும்.

ஜூன் மாதத்தில் வந்து, வாத்தே இல்லையே என்று குறைப்பட்டுக்கொள்பவர்களும் உண்டு. இங்குள்ள குளங்களில் பெரும்பாலானவை பருவக் குளங்கள். வசந்தத்தில் நீரை வடித்து, தரையில் விதை தரும் புற்களை வளரவிட்டு, இலையுதிர் காலத்தில் மீண்டும் நீர் நிறுத்துவார்கள். வாத்துகளுக்கு அந்த விதைதான் சாப்பாடு. கோடையில் வருபவர்கள் பாலத்தின் அடியிலிருந்து மாலையில் கூட்டம் கூட்டமாகக் கிளம்பும் வெளவால்களைப் பார்க்கலாம். வாத்துக்கு வர வேண்டியது நவம்பர் முதல் ஜனவரி வரை.

பார்வையாளர்கள் அடிக்கடி செய்யும் இன்னொரு தவறு கார் கதவைத் திறப்பது. சுற்றுப்பாதையில் நிற்கும் காரைப் பறவைகள் பொருட்படுத்துவதில்லை; பத்தடி தள்ளி ஊசிவால் வாத்து ஒன்று தலைகீழாகக் கவிழ்ந்து, வாலை மட்டும் வெளியே நீட்டியபடி மேய்ந்துகொண்டிருக்கும். கதவின் பூட்டு ‘டக்’ என்று விடுபட்டு ஒரு மனித உருவம் நிமிர்ந்ததும் குளமே எழுந்து பறந்துவிடும். பின்னால் வரிசையில் காத்திருந்த கார்களுக்கு எஞ்சுவது கலங்கிய நீர் மட்டுமே. கண்ணாடியை இறக்கிவிட்டு உள்ளிருந்தே பாருங்கள். வேட்டைப் பருவத்தில் வேட்டையாடாதோருக்குச் சில நடைபாதைகள் மூடப்பட்டிருக்கும். அந்தப் பலகையைத் தாண்டிப் போவது துப்பாக்கி முனைக்கு முன்னால் போவதற்குச் சமம்.

வேட்டைக்காரர்களின் தவறுகள் பெரும்பாலும் தாளில் தொடங்குகின்றன. பருவத்தில் புதன், சனி, ஞாயிறு ஆகிய நாள்களில் மட்டுமே இங்கு நீர்ப்பறவை வேட்டை உண்டு. இடம் குலுக்கல் முறையில் ஒதுக்கப்படுகிறது. முன்பதிவு கிடைக்காதவர்கள் ‘ஸ்வெட் லைன்’ என்று அவர்களே கிண்டலாகச் சொல்லும் வரிசையில் இருட்டோடு காத்திருந்து, காலியாகும் இடத்தைப் பெறலாம். வேட்டை உரிமத்தோடு மாநிலத்தின் வாத்து வேட்டை ஒப்புதலும், சுட்ட பறவைகளைக் கணக்கெடுப்பதற்கான பதிவும் வேண்டும். 16 வயது நிரம்பியவர்களுக்கு 25 டாலர் மதிப்புள்ள, தபால்தலை போன்ற கூட்டரசின் வாத்து முத்திரையும் வேண்டும். காகித முத்திரையாக வாங்கியவர்கள் அதன் முகத்தின் குறுக்கே மையால் கையெழுத்திட மறந்துவிடுகிறார்கள். கையெழுத்தில்லாத முத்திரை செல்லாது. 1934இல் தொடங்கிய அந்த முத்திரையில் ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் ஈரநிலங்களைக் காக்கும் நிதிக்கே போகிறது என்பதால், அதைத் தண்டம் என்று முணுமுணுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

அடுத்தது ரவை, அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் சிறு உலோகக் குண்டுகள். நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவைக்கு அமெரிக்கா முழுவதும் 1991 முதல் தடை இருக்கிறது. பழைய பையின் அடியில் கிடக்கும் ஒற்றை ஈயத் தோட்டாகூடக் குற்றம்தான். வாத்து, தீனியை அரைப்பதற்காகச் சிறு கற்களை விழுங்கி அரைவைப்பையில் வைத்துக்கொள்ளும். சேற்றில் கிடக்கும் ஈய ரவையையும் கல்லென்றே அது விழுங்கிவிடும். கற்களோடு உரசி அந்த ரவை தேயத் தேய, நஞ்சு இரத்தத்தில் கலக்கும். எஃகு ரவைக்கு மாறியவர்கள் செய்யும் தவறு வேறு. ஈயத்தின் அடர்த்தி 11.3, எஃகின் அடர்த்தி 7.8 என்பதால், அதே அளவு ரவை தொலைவில் விரைவாக வலுவிழக்கிறது. அளவு வரிசையில் இரண்டு படி பெரிய ரவையை எடுத்துக்கொள்வதும், பறவை 35 கஜத்துக்குள் வரும்வரை பொறுப்பதும் அவசியம். உயரத்தில் போகும் கூட்டத்தை நோக்கிச் சுட்டுத்தள்ளுபவர் காயம்பட்ட பறவைகளைக் கோரைக்குள் தொலைப்பதோடு, பக்கத்துக் குளத்தில் பொறுமையாக உட்கார்ந்திருப்பவரின் காலைப்பொழுதையும் கெடுக்கிறார். ஒருவர் 25 தோட்டாக்களுக்கு மேல் களத்துக்குள் கொண்டுபோகக் கூடாது என்ற விதி அத்தகையவர்களையும் மனத்தில் வைத்ததாக இருக்கலாம்.

சூரியோதயத்துக்கு அரை மணி முன்பிருந்து சுடலாம் என்பதால், அடையாளம் காண்பதில்தான் பிழை மிகுகிறது. அந்த அரையிருட்டில் அரிவாள் மூக்கன் கூட்டமும் வாத்துக் கூட்டமும் ஒரே கறுப்பாகத் தெரியும். வளைந்த நீண்ட அலகு உண்டா இல்லையா என்பது தெளிவாகும்வரை துப்பாக்கி தாழ்ந்தே இருக்கட்டும். வெள்ளைப் பறவை என்றால் இன்னும் கவனம் தேவை. பனி வாத்தின் சிறகு நுனி கறுப்பு. அன்னத்துக்கு உடல் முழுதும் வெள்ளை, கழுத்தும் நீளம். கலிஃபோர்னியாவில் அன்னத்தைச் சுட அனுமதியே கிடையாது. நாளொன்றுக்கு 7 வாத்துகள் என்ற மொத்த வரம்புக்குள் இனவாரியான வரம்புகளும் உண்டு. பல பருவங்களில் 1 மட்டுமே அனுமதிக்கப்பட்ட ஊசிவால் வாத்து 2025-26 பருவத்தில் 3 ஆனது; போன ஆண்டு நினைவை நம்பிப் போகக் கூடாது என்பதற்கு இதுவே போதும். வேடந்தாங்கலுக்கு வலசை வரும் அதே இனம்தான் இந்த ஊசிவால். இந்தியச் சட்டம் காக்கும் பறவையை இங்கே எண்ணிக்கை கட்டிச் சுடலாம் என்பது தமிழ் வாசகருக்குச் சற்று நெருடலாகவே இருக்கும்.

விழுந்த பறவையைத் தேடி எடுப்பதும் சட்டப்படி கடமை. வெளியேறும்போது சோதனைச் சாவடியில் அனுமதிச் சீட்டைத் திருப்பிக் கொடுத்து, பறவைகளைக் காட்ட வேண்டும். வாகன நிறுத்துமிடத்திலேயே இறகு முழுவதையும் பிடுங்கிச் சுத்தம் செய்துவிட்டால் அது எந்த இனம் என்று யாராலும் சொல்ல முடியாது. இறகோடு கூடிய ஒரு சிறகையோ தலையையோ வீடு போய்ச் சேரும்வரை உடலிலிருந்து பிரிக்காதீர்கள்.