ஓக் இலையைப் பார்த்து ஏமாறும் இடங்கள்

மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் ஓர் இலையை எடுத்துப் படத்தோடு ஒப்பிட்டு, இன்ன வகை ஓக் மரம் என்று முடிவு கட்டுவதுதான் பெரிய தவறு. மற்ற குழப்பங்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளைக்கின்றன.

ஒரே மரத்தில் உச்சிக்கிளை இலையும் அடிக்கிளை இலையும் வேறு வேறு மரத்துடையவை போலத் தோன்றும். வெயிலில் வளர்ந்தது சிறியது, தடித்தது. இலை விளிம்பில் விரல்போல நீளும் மடல்களுக்கு இடையே வெட்டு ஆழமாக இறங்கியிருக்கும். நிழலில் வளர்ந்தது அகன்று, மெலிந்து, வெட்டு மேலோட்டமாக இருக்கும். கருப்பு ஓக்கின் நிழல் இலையைச் சிவப்பு ஓக் என்று எழுதிக்கொள்வது இதனால்தான். அங்கே இலையோடு மல்லுக்கட்டாமல் குளிர்கால மொட்டைப் பாருங்கள்: கருப்பு ஓக்கில் அது சாம்பல் நிற மயிர் போர்த்து, கோணம் கோணமாக இருக்கும்; சிவப்பு ஓக்கில் செம்பழுப்பாக, ஏறக்குறைய வழுவழுப்பாக இருக்கும். வெட்டிய அடிமரத்திலிருந்து துளிர்க்கும் இலைகளை ஒதுக்கிவிடுங்கள். அவை அளவுக்கு மீறி வளர்ந்து எவரையும் குழப்பும்.

மடல்களை எண்ணுவது வீண்வேலை. ஒரே கிளையிலேயே எண்ணிக்கை மாறும். மடலின் நுனியில் முள்போன்ற இழை நீட்டிக்கொண்டிருக்கிறதா என்பதே கேள்வி. இருந்தால் சிவப்பு ஓக் கூட்டம், அதாவது சிவப்பு ஓக்கும் கருப்பு ஓக்கும் அடங்கிய வகைத்தொகுதி. நுனி மொழுமொழுவென்று உருண்டிருந்தால் பெரும்பாலும் வெள்ளை ஓக் கூட்டம். காய்ந்த இலையில் அந்த இழை ஒடிந்துபோயிருக்கலாம், ஆகவே ஐந்தாறு இலைகளைப் பாருங்கள். மடலே இல்லாத ஓக்குகளும் உண்டு. வில்லோ ஓக்கின் இலை ஒல்லியாக ஈட்டிபோல இருக்கும். ஆனால் நுனியில் ஒற்றை இழை நிற்கும், அதுவே அதன் கூட்டத்தைக் காட்டிக்கொடுக்கும். ஹோம் ஓக் இன்னும் குறும்பானது: இளங்கன்றில் இலை விளிம்பெல்லாம் முள், முதிர்ந்த கிளையில் முள்ளே இராது.

ஐரோப்பாவில் பெயரே வலை விரிக்கிறது. அங்குள்ள 'காம்பற்ற ஓக்'கின் இலைக்குத் தெளிவான காம்பு உண்டு. காம்பில்லாதது அதன் கொட்டைக்குத்தான். மற்றொன்றான ஆங்கில ஓக்கில் எல்லாம் தலைகீழ்: இலைக்காம்பு சில மில்லிமீட்டர்தான், இலையின் அடியில் காதுமடல்போல இரண்டு சிறு மடிப்புகள், கொட்டையோ நீண்ட காம்பில் தொங்கும். இவை இரண்டும் கலந்து பிறக்கும் மரத்தில் இலை ஒன்றையும் கொட்டை மற்றொன்றையும் சொல்லலாம். அந்தக் கலப்புக்கு 'குவெர்கஸ் ரோசேசியா' என்று தனிப்பெயரே உண்டு.