இடது கைக்கு ஏர் பிஸ்டல்: 'இருகைப் பிடி'யைச் சரிசெய்வது எப்படி?

கடலூரில் என்னைப் பீச்சாங்கைக்காரன் என்று கேலி செய்யாதவர் குறைவு. பத்து மீட்டர் போட்டிக்கான ஏர் பிஸ்டல் (காற்றழுத்தக் கைத்துப்பாக்கி) வாங்கும்போது, "இரண்டு கைக்கும் பொருந்தும் பிடி சார்" என்றார் கடைக்காரர். பொருந்தியது, இரண்டு கைக்கும் சமமாக அரைகுறையாக.

முதலில் காற்று சிலிண்டரைக் கழற்றுங்கள், குழாயில் குண்டு இல்லை என்று கண்ணால் பாருங்கள். பிறகு ஆலன் கீயால் பிடியை எடுங்கள்.

உள்ளங்கையில் முகப்பவுடர் பூசி, பிடியை இறுக்கிப் பிடித்து விடுங்கள். கரிய மரத்தில் வெள்ளை படாத இடமெல்லாம் இடைவெளி. அங்கேதான் எம்-சீல் (பிசைந்து அப்பினால் கல்லாக இறுகும் பசை) வேண்டும்.

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். இருகைப் பிடியில் இரண்டு பக்கமும் கட்டைவிரல் மேடு இருக்கும். இடது கையால் பிடித்தால் கட்டைவிரல் வலப்பக்கம் போகும். இடப்பக்க மேடு உள்ளங்கையைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதைச் சீவாமல் மேலேயே எம்-சீல் அப்பினேன். கைக்கு வெண்ணெய் மாதிரி இருந்தது. போட்டியில் பிஸ்டல் முழுதும் அடங்க வேண்டிய அளவுப் பெட்டிக்குள் அது போகவில்லை! பெட்டியின் அளவு 420 × 200 × 50 மி.மீ.; என் பிடியின் தடிமன் மட்டும் 54 மி.மீ. ஆகவே முதலில் அரை வட்ட அரத்தால் இடப்பக்க மேட்டைச் சீவுங்கள், அளவெடுங்கள், அப்புறம் அப்புங்கள். அடியில் கைக்குத் தாங்கல் வைத்தால் அது பிடியோடு 90 டிகிரிக்குக் குறையக் கூடாது, மணிக்கட்டும் சுதந்திரமாக இருக்க வேண்டும்.

எம்-சீல் இறுகும்முன் கையுறை போட்டு, நின்று, கையை நீட்டிக் குறிபார்த்தபடி அழுத்துங்கள். மேசையில் உட்கார்ந்து அழுத்தினால் வேறு கை வரும். மறுநாள் உப்புத்தாள்: முதலில் 80-ஆம் எண், பிறகு 220. சுழலும் மெஷின் வேண்டாம், ஒரு நொடியில் பள்ளம் தோண்டிவிடும். வார்னிஷும் வேண்டாம், வியர்வையில் வழுக்கும். ஆளிவிதை எண்ணெய் மெலிதாகத் தடவினால் போதும். ஐப்பசி மழையில் மரம் ஊதுவது குறையும். கடல்காற்றில் திருகாணி துருப்பிடிக்கும், அதற்கும் ஒரு சொட்டு எண்ணெய்.

கடைசியாக, விரல் படும் டிரிகர் தகட்டை இடது விரலுக்கு ஏற்பத் திருப்பி இறுக்குங்கள். டிரிகரில் 500 கிராம் எடையைத் தொங்கவிட்டுச் சோதியுங்கள்; அதற்குக் குறைந்த இழுப்பில் அது விடுபடக் கூடாது.

நிஜத் துப்பாக்கியிலும் இதே தொல்லைதான். '1911' என்ற கைத்துப்பாக்கி வகையில் இருபக்க சேஃப்டி (தவறிச் சுடாமல் தடுக்கும் நெம்புகோல்) போட்டால், இரு நெம்புகோல்களும் இணையும் பொருத்து தேய்ந்ததும் வலப்பக்கம் ஆடும். நான்காம் தலைமுறை க்ளாக் கைத்துப்பாக்கியில் மேகசினை (குண்டு அடுக்கும் பெட்டி) விடுவிக்கும் பொத்தானை வலப்பக்கம் மாற்றலாம், ஆனால் பழைய மேகசின்களில் அதற்கான வெட்டு இல்லாததால் அவை நிற்காது. நிஜத் துப்பாக்கிகளில் நீங்களே அரம் போடாதீர்கள், உரிமம் பெற்ற துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

பின்சேர்க்கை: புதுச்சேரி நண்பர் ஒருவருக்கு எம்-சீல் முழுக்கட்டியாகக் கழன்று வந்துவிட்டது. பளபளப்பான மேற்பரப்பில் அப்பியிருக்கிறார். முதலில் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, நாலைந்து சின்னத் துளை போட்டபின் அப்பினால் அது உள்ளே பற்றிக்கொள்ளும்.