ஆன்டிபயாடிக் இல்லாமல் கறிக்கு ஆடு வளர்க்க

ஊசி போடாமல் ஆடு வளர்க்க வழி கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரு கஷாயத்தின் பெயரைத்தான் எதிர்பார்க்கிறார்கள். நோய் வரும் வழியை அடைக்காமல் கஷாயம் மட்டும் ஊற்றிப் பலனில்லை. எடை கூட்டப் போடும் ஹார்மோன் பற்றிப் பயம் வேண்டாம். அது அமெரிக்காவில் கறிமாட்டின் காதுத்தோலுக்கு அடியில் பதிப்பது. நம்மூர் வெள்ளாட்டுக்கு அந்த வழக்கம் இல்லை.

1. சந்தையில் வாங்கிய குட்டியை நேராகப் பட்டிக்குள் விடாதீர்கள். 3 வாரம் தனிக் கொட்டில், தனித் தண்ணீர்த் தொட்டி. சளியோ கழிச்சலோ வாய்ப்புண்ணோ இருந்தால் பெரும்பாலும் அதற்குள் தெரிந்துவிடும்.

2. வீட்டிலேயே ஈன்ற குட்டி என்றால், 1 மணி நேரத்துக்குள் சீம்பால். "நஞ்சுக்கொடி விழட்டும், அப்புறம் ஊட்டலாம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். காத்திருக்காதீர்கள். குட்டிக்கு நோய் எதிர்ப்புச் சக்தி சீம்பால் வழியாகத்தான் வருகிறது, நேரம் போகப்போகக் குடல் அதை உறிஞ்சுவது குறைந்துவிடும்.

3. தரை காய்ந்திருக்க வேண்டும். பரண் போட முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் மேடான மண் தரை, தினமும் கூட்டல். ஈரத்தில் படுத்தால் சளியும் ரத்தக் கழிச்சலும் வரிசையாக வரும்.

4. தடுப்பூசி ஆன்டிபயாடிக் அல்ல. இதைக் குழப்பிக்கொண்டு ஊசியே வேண்டாம் என்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆட்டுக்கொல்லி நோய்க்கு 4 மாத வயதில், துள்ளுமாரிக்கு (குடலில் நச்சு பெருகும் நோய்) மழைக்கு முன்பு. முதல் வருடம் நான் துள்ளுமாரி ஊசியைத் தள்ளிப்போட்டேன். மழை பெய்து நான்காம் நாள், இளம்புல்லை வயிறு முட்ட மேய்ந்த இரண்டு கொழுத்த குட்டிகள் காலையில் விறைத்துக் கிடந்தன. அந்த நோய் கொழுத்ததைத்தான் முதலில் பிடிக்கும்.

5. பனி காய்ந்த பிறகே மேய்க்க ஓட்டுங்கள். குடற்புழுவின் இளம்புழு ஈரப் புல்நுனியில் ஏறி நிற்கும். அகத்தி, கிளுவைத் தழையை உயரக் கட்டிப் போட்டால் அந்தத் தொல்லை குறைவு. 15 நாளுக்கு ஒருமுறை கீழ் இமையை விரலால் இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் நல்ல சிவப்பாக இருந்தால் விட்டுவிடலாம். வெளுத்திருந்தால் ரத்தம் உறிஞ்சும் புழு இருக்கக்கூடும். அந்த ஆட்டுக்கு மட்டும் குடற்புழு மருந்து. எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் ஊற்றிக்கொண்டே இருந்தால் புழுவுக்கு மருந்து பழகிவிடும்.

6. இவ்வளவுக்கும் மேல் ஒன்று படுத்துவிட்டால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். அவர் ஆன்டிபயாடிக் எழுதினால் சொன்ன நாள் வரை முழுதாகப் போடுங்கள். கொள்கைக்காக ஆட்டைச் சாகவிடக் கூடாது. நீங்களாக வாங்கி வாய்வழி கொடுப்பது மட்டும் வேண்டாம். அசைபோடும் வயிற்றிலுள்ள நுண்ணுயிரும் செத்து, ஆடு தீனி எடுக்காமல் நிற்கும். ஆன்டிபயாடிக் போட்ட ஆட்டின் கழுத்தில் சிவப்புக் கயிறு கட்டி, தேதியைக் கொட்டில் சுவரில் எழுதி வைப்பேன். மருந்துப் புட்டியில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள் (கறியில் மருந்து தங்காமல் குறையும் காலம்) முடிந்தபின் விற்கலாம், ஆனால் "மருந்தில்லாக் கறி" விலைக்கு அல்ல.