சிப் வாங்கும் முன் ஹோஸைத் தடவிப் பாருங்கள்

தினமும் ஓட்டுகிற டீசல் பிக்கப்பில் இழுவை போதவில்லை என்று, இன்ஜின் சக்தியைக் கூட்டும் எலக்ட்ரானிக் சிப் போட யோசிக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். இன்ஜின் ஆறியதும் பானெட்டைத் திறந்து, டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் அங்கிருந்து இன்ஜினுக்கும் போகிற ரப்பர் ஹோஸ்களைத் தடவிப் பாருங்கள். இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் அப்பிய புழுதியும் தெரிந்தால், டர்போ அழுத்தி அனுப்பும் காற்று அங்கே கசிகிறது என்று சந்தேகிக்கலாம். மேடு ஏறும்போது கறுப்புப் புகை, உஸ்ஸென்ற சத்தம் இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். கிளாம்பை இறுக்கிப் பாருங்கள். ஹோஸே வெடித்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். என் வண்டியில் விரிசல் அடிப்பக்கம் இருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, விரலுக்குத்தான் சிக்கியது.

அப்புறம் ஏர் ஃபில்டர். கூம்பு ஃபில்டரின் உறுமல் எனக்கும் பிடிக்கும். ஆனால் மறைப்பில்லாமல் வைத்தால் பானெட்டுக்குள் இருக்கும் சூட்டுக் காற்றைத்தான் இழுக்கும். எண்ணெய் தடவிப் போடுகிற ஃபில்டர் என்றால், எண்ணெய் கூடிப்போனால் காற்றளவு சென்சாரில் படியும். வண்டியோடு வந்த ஃபில்டர் பெட்டியில் புது பேப்பர் ஃபில்டர் போதும்.

இதற்குப் பிறகும் சிப் ஆசை விடவில்லையா? சரி, கூடுகிற டார்க்கை, அதாவது சுழற்றும் விசையை, கிளட்ச் தாங்குமா என்று பாருங்கள். 4ஆம் கியரில் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது ஆர்.பி.எம். மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால், காசு முதலில் கிளட்சுக்கு.