மாடல் அறை: மேசை கடைசியில் வரட்டும்

பிளாஸ்டிக் பாகங்கள் கொண்ட கிட் வாங்கி விமானம், கப்பல், டாங்கி என்று சிறு மாடல்கள் கட்டிக்கொண்டிருப்பவருக்குச் சாப்பாட்டு மேசையிலிருந்து தனி அறைக்குக் குடிபெயர்வது ஒரு பதவி உயர்வு. அந்த உற்சாகத்தில் முதலில் மேசை வருகிறது, அடுத்து நாற்காலி, பிறகு சுவர் முழுக்கப் பெயிண்ட் அடுக்கும் தட்டுகள். காற்று எந்த வழியாக வெளியே போகும் என்ற கேள்வி, காற்றழுத்தத்தால் பெயிண்ட் தெளிக்கும் ஏர்பிரஷை முதன்முதலாக இயக்கி, தின்னர் நெடி கூடம் வரை பரவி, வீட்டில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நிற்கும்போதுதான் எழுகிறது. அதற்குள் மேசை ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் திருகி மாட்டப்பட்டிருக்கும்.

நடக்கப்போகும் வேலைகளில் எது மிக அழுக்கானதோ, அறையின் அமைப்பை அதுதான் முடிவு செய்ய வேண்டும். மாடல் கட்டுவதில் அது பெயிண்ட் தெளிப்பது. வெட்டவும் ஒட்டவும் எந்த மூலையும் போதும். சென்னை போன்ற கடலோர ஊரில், அடுக்குமாடி வீட்டின் உபரி அறை ஒன்றை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். கடல் இல்லாத ஊர்க்காரர்கள் ஈரப்பதம் பற்றிய பகுதியை வேகமாகக் கடந்துபோகலாம்.

ஜன்னல் இல்லாத ஸ்டோர் ரூமைத் தேர்ந்தெடுப்பது பலரும் செய்யும் தவறு. எப்படியும் கதவைச் சாத்திக்கொண்டுதானே வேலை செய்யப்போகிறோம் என்ற நினைப்பு. வெளிச்சுவரும் அதில் ஒரு திறப்பும் இல்லாத அறையில் கிட் பெட்டிகளை அடுக்கலாம், பெயிண்ட் தெளிக்கக் கூடாது. ஏ.சி. இருக்கிறதே என்பார்கள். வீட்டு ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, அறையில் உள்ள அதே காற்றைக் குளிரவைத்துத் திருப்பித் தருகிறது. சிறிது நேரத்தில் நெடி குறைந்ததுபோலத் தோன்றும். மூக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

இணையத்தில் கிடைக்கும் சிறிய ஸ்பிரே பூத்தை, அதாவது தெளிக்கும்போது காற்றை உறிஞ்சும் ஃபேன் வைத்த பெட்டியை வாங்கி, அதன் குழாயை மாட்டாமலே மேசைமேல் வைத்துக்கொள்வது இன்னொரு வழக்கம். உள்ளே இருக்கும் வடிகட்டி பெயிண்ட் துகள்களைப் பிடிக்கும். தின்னரின் ஆவியைப் பிடிக்காது. குழாயை ஜன்னலுக்கு வெளியே கொண்டுபோனால்தான் அதற்குப் பூத் என்று பெயர். குழாய் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. ஒவ்வொரு வளைவும் காற்றின் வேகத்தைத் தின்றுவிடும், மடிப்பு மடிப்பான குழாயில் இன்னும் அதிகம். அதனால் மேசை ஜன்னலை ஒட்டித்தான் வர முடியும். வேறு இடத்தை யோசிக்கவே வேண்டாம்.

பூத்துக்குப் பதில் குளியலறையில் இருப்பதுபோல் சுவரின் உச்சியில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்துவதும் உண்டு. தின்னர்களில் இருக்கும் டொலுயீன், அசிட்டோன் போன்றவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேசையிலிருந்து வழிந்து தரைக்கு இறங்கும். உச்சியில் உள்ள ஃபேன் அதை உங்கள் முகத்தைக் கடந்துதான் மேலே இழுக்கும். உறிஞ்சும் வாய் வேலை நடக்கும் மட்டத்திலேயே இருக்க வேண்டும். வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே வரவும் ஒரு வழி வேண்டும். கதவை இறுக்கச் சாத்தி இடுக்கில் துணியையும் செருகிவிட்டால் ஃபேன் சத்தம் போடுமே தவிரக் காற்றை நகர்த்தாது.

கிழக்குப் பார்த்த ஜன்னலில் ஒரு தொல்லை இருக்கிறது. சென்னையில் கோடைப் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும். சிறிய பூத்தின் ஃபேன் அதை எதிர்த்துத் தள்ள முடியாமல் திணறும். வடகிழக்குப் பருவமழையில் அதே குழாய் வழியாகச் சாரலும் வரும். வேறு பக்கம் ஜன்னல் இருந்தால் அதைப் பாருங்கள். இல்லையென்றால் குழாயின் வாயைக் கீழ்நோக்கி வளைத்து, காற்று எதிரே வந்தால் தானே மூடிக்கொள்ளும் தகடு ஒன்றை மாட்டலாம். கீழ்வீட்டுக் கொடியில் துணி காய்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்குவது உறவுக்கு நல்லது.

நீரில் கரையும் அக்ரிலிக்தானே, நெடியே இல்லையே என்று அலட்சியம் காட்டுவோர் ஏராளம். தெளிக்கும்போது நிறமித் துகள்கள் பனிப்புகைபோல மிதக்கின்றன. நெடி இல்லை என்பதற்காக அவை நுரையீரலுக்குப் போகாமல் இருப்பதில்லை. தமியா நிறுவனத்தின் அக்ரிலிக் நீருடன் கலந்தாலும் அதில் ஆல்கஹால் இருக்கிறது, தீப்பற்றும். என்95 முகக்கவசம் துகள்களுக்கு மட்டுமே. கடும் தின்னரில் கரையும் லாக்கர் பெயிண்டைத் தெளிப்பவருக்கு ஆவியை உறிஞ்சும் கார்பன் பெட்டி பொருத்திய கவசம் வேண்டும். ரெசின் என்ற பிசினில் வார்த்த பாகங்களைத் தேய்க்கும்போது உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்தால் தூசு பறக்காது.

தீ விஷயத்தில் நம் வீடுகளுக்கென்றே சில ஆபத்துகள் உண்டு. உபரி அறை என்பது பல வீடுகளில் பூஜை அலமாரி இருக்கும் அறை. மாலையில் அங்கே விளக்கு எரியும். கொசுவர்த்தியும் எரியும்; கொசு அடிக்கும் மின் பேட் ஒவ்வோர் அடிக்கும் பொறி தட்டும். டொலுயீன் 4 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடும், அசிட்டோன் உறையும் குளிரிலும் விடும். நம் ஊரில் திறந்த தின்னர் டப்பா எந்த நேரமும் தயாராகத்தான் இருக்கிறது. சுவாமி படத்தை இடம் மாற்ற முடியாதென்றால் அறையை மாற்றுங்கள். பழைய டேபிள் ஃபேன் மோட்டாரைக் கொண்டு சொந்தமாகப் பூத் செய்பவர்கள், மோட்டார் ஆவி போகும் பாதையில் இல்லாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். கார்பன் பிரஷ் உள்ள மோட்டார் ஓடும்போதே பொறி விடும். மேசைமேல் அன்றைய வேலைக்கான அளவு தின்னர் போதும். பெரிய டப்பா மூடியோடு, வெயில் படாத வேறிடத்தில் இருக்கட்டும். கழுவிய தின்னரை வாஷ்பேசினில் ஊற்றும் வழக்கத்தையும் விட்டுவிடலாம்.

இனி ஈரப்பதம். கம்ப்ரசர் காற்றை அழுத்தும்போது காற்று சூடாகிறது. குழாயில் போகும்போது குளிர்ந்து, அதிலிருந்த நீர் திவலைகளாகிறது. நவம்பரில் சென்னையில் கம்ப்ரசர் ஓட்டினால், பாதி பெயிண்ட் அடித்த இறக்கையின் மேல் ஒரு சொட்டு நீர் துப்புவது இதனால்தான். காற்றிலுள்ள நீரைப் பிடிக்கும் நீர்ப்பொறியைக் கம்ப்ரசரின் மேலேயே வைத்துத் திருப்தி அடைய வேண்டாம். காற்று குளிர்ந்த பிறகு, ஏர்பிரஷுக்குப் பக்கத்தில் இன்னொன்று இருந்தால்தான் பயன். தொட்டி உள்ள கம்ப்ரசரில் அடியிலுள்ள திருகைத் திறந்து நீரை வடித்துவிட வேண்டும். மழை நாளில் லாக்கர் தெளித்தால் பளபளப்பு பால் படிந்ததுபோல வெளுத்துவிடும். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து அதில் ஈரம் படிவதே காரணம். அன்றைக்கு ஒட்டுகிற வேலையைப் பார்க்கலாம்.

கிட் பெட்டிகளைக் குளியலறைக்கு மேலே உள்ள பரணில் ஏற்றுவதும் ஈரத்தை மறந்து செய்யும் தவறுதான். பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகாது. அட்டையையும், மாடல்மேல் ஒட்டும் சின்னங்களும் எழுத்துகளும் அச்சிட்ட டீகால் தாளையும் ராமபாணப் பூச்சி அரிக்கும், ஈரம் ஒட்டவைக்கும். டீகாலை மட்டும் எடுத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் பையில் போட்டுக் கிட்டின் பெயரை எழுதி பீரோவில் வையுங்கள். சூப்பர் குளூ ஈரத்தால்தான் இறுகுகிறது, எனவே திறந்த குப்பிக்கும் காற்றுப்புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் குளிர் தணிந்த பிறகு திறக்க வேண்டும். இந்தப் பசையின் ஆவி, மூடிய காக்பிட்டுக்குள் கண்ணாடிப் பாகத்தில் வெண்படலமாகப் படியும் என்பது தனிக்கதை.

அளவெடுக்காமல் மேசை வாங்குவது பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. நிஜத்தில் 72-இல் ஒரு பங்கான 1/72 அளவில் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி 16 செ.மீ.க்குள் அடங்கிவிடும். அதே மேசையில் 1/48 பி-17 குண்டுவீச்சு விமானம் கட்ட ஆசைப்பட்டால் இறக்கை மட்டும் 66 செ.மீ.; 1/350 பிஸ்மார்க் போர்க்கப்பலின் நீளம் 72 செ.மீ. எதைக் கட்டப்போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டுத் தச்சரைக் கூப்பிடுங்கள். பெயிண்ட் தட்டுக்கும் இதே விதி: தமியாவின் 10 மி.லி. குப்பி, வல்லேஹோவின் சொட்டுக் குப்பி, ஹம்பிரோலின் 14 மி.லி. டப்பா மூன்றும் ஒரே துளையில் உட்காராது.

வழவழப்பான டைல்ஸ் தரையில் சிறிய பாகம் விழுந்தால் துள்ளி பீரோவுக்கு அடியில் போய்விடும். சாம்பல் நிறத் தரை என்றால் கேட்கவே வேண்டாம். நகைப் பட்டறை மேசைகளில் விளிம்புக்குக் கீழே துகள் விழ ஒரு தட்டு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நமக்கு அது தேவையில்லை, மேசை விளிம்பில் கிளிப் மாட்டிய வெள்ளைத் துணியை மடிமேல் போட்டுக்கொண்டால் போதும். சீலிங் ஃபேனை வேலை நேரத்தில் ஓட்டினால் பாகமும் பறக்கும், ஈரப் பெயிண்டில் தூசும் ஒட்டும். மே மாதத்தில் இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. விடியற்காலையில் தெளிப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

விளக்குக்குக் கையைச் சுருக்காதீர்கள். ஒரே பல்பு தலைக்குப் பின்னால் இருந்தால் உங்கள் நிழலில்தான் வேலை செய்வீர்கள். இடமும் வலமும் ஒவ்வொன்று வேண்டும். பெட்டியில், நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதைச் சொல்லும் சி.ஆர்.ஐ. 90க்கு மேல், 5000 முதல் 6500 கெல்வின் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். மஞ்சள் வெளிச்சத்தில் கலந்த ஆலிவ் பச்சை காலையில் வேறு நிறமாக நிற்கும்.

முடிந்த மாடலை ஜன்னலோரம் வைத்தால் வெயில் பெயிண்டையும் டீகாலையும் வெளிறச் செய்துவிடும். கண்ணாடி அலமாரி வெளிச்சம் நேரே படாத உட்சுவரில் இருக்கட்டும். பழைய கப்பல் கிட்டுகளில் நங்கூரம், பீரங்கி போன்ற ஈயப் பாகங்கள் இருந்தால் மூடிய மர அலமாரி ஆகாது. மரமும், மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையும் விடும் அமில ஆவியில் ஈயம் வெள்ளைப் பொடியாக உதிரும். அருங்காட்சியகங்களில் கப்பல் மாடல்களைப் பாதுகாப்பவர்களுக்கே இது பழைய தலைவலி. அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் கொண்டு செய்து, காற்றோட்டத்துக்குப் பின்பக்கம் சிறு துளைகள் விட்டு, அவற்றில் தூசு புகாதபடி மெல்லிய வலையை ஒட்டச் சொல்லுங்கள்.